ஒரு நாழிகை கேட்கிறேன்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் தாய் தந்தையருக்கு,



பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்தே உங்கள் வீட்டில் சில விஷயங்கள் நின்றுபோயிருக்கும். கேபிள் இணைப்பைத் துண்டித்திருப்பீர்கள். ஊர்த் திருவிழாவுக்குப் பெரியவர்கள் மட்டும் போய்வந்திருப்பீர்கள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் அப்பா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பார். ‘அந்த வீட்ல பிளஸ் டூ புள்ள இருக்கு’ என்று உறவினர்களும் வந்துபோவதைக் குறைத்திருப்பார்கள். விடியுமுன் டியூஷனுக்குக் கிளம்பும் பிள்ளை, பள்ளிக்கூடம், ஸ்பெஷல் கிளாஸ், மறுபடியும் டியூஷன் என்று சுற்றிவிட்டு இருட்டிய பிறகு வீடு சேர்கிறது. முகம் வாடி நிற்கும் அந்தப் பிள்ளையிடம் நீங்கள் ஒரு வாக்கியம் சொல்கிறீர்கள். வீட்டுக்கு வீடு சொற்கள் கொஞ்சம் மாறலாம், சாரம் ஒன்றுதான்: ‘இந்த ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் படிச்சுடு, அப்புறம் வாழ்க்கை பூரா சந்தோஷமா இருக்கலாம்.’ இந்த மடல் அந்த வாக்கியத்தைப் பற்றியது.

அது அன்பில் பிறந்த வாக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பு அதற்குள் இருக்கிறது. தேர்வு வேண்டாம் என்றோ, மதிப்பெண் ஒரு பொருட்டில்லை என்றோ சொல்ல நான் வரவில்லை. என் வருத்தம் அந்த வாக்கியத்தின் பிற்பாதியைப் பற்றியது. சந்தோஷத்தை இப்போது மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாம், வேலை கிடைத்ததும் இறக்கி அவிழ்த்துக்கொள்ளலாம் என்று அது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அப்படி வைத்தெடுக்கிற பொருளாகச் சந்தோஷம் இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அன்றாடத்தின் சின்னச் சின்ன இன்பங்களைக் கண்டு நின்று அனுபவிப்பது ஒரு பழக்கம். நீச்சலைப் போல, பாட்டைப் போல, செய்யச் செய்யத்தான் கைவரும், விட்டுவிட்டால் மங்கும். பதினாறு, பதினேழு வயதில் இரண்டு ஆண்டு முழுக்க அதை நிறுத்திவைத்தால், பரணிலிருந்து இறக்கும்போது மூட்டை லேசாகத்தான் இருக்கும்.

இது என் கற்பனை என்று நீங்கள் நினைக்கலாம். மகிழ்ச்சியை நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக அளந்து பார்த்துவரும் உளவியலாளர்கள் சொல்வதைக் கேளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1991இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் மகிழ்ச்சியான மனிதரா என்பதை அவருக்குக் கிடைத்த ஆனந்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, நல்ல உணர்வு அவருக்கு எத்தனை முறை வந்துபோகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்றார்கள். எப்போதோ அடிக்கும் பெருமழையைவிட அடிக்கடி விழும் தூறல்தான் நிலத்தை ஈரமாக வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1978இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் இலினாய் மாநில லாட்டரியில் பெரும்பரிசு வென்ற 22 பேரைச் சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டது. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நல்ல நகைச்சுவையைக் கேட்பது போன்ற அன்றாட விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்று இரு சாராரையும் கேட்டார்கள். பரிசு வென்றவர்களே குறைவாகச் சொன்னார்கள். மொத்த மகிழ்ச்சியிலும் அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி உயர்ந்திருக்கவில்லை. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. 2010இல் பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் துப்புரவுப் பணியாளர் முதல் உயர் நிர்வாகிகள் வரை பலரையும் கேட்டுச் செய்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. வசதி கூடியவர்களிடம் சின்ன இன்பங்களைச் சுவைக்கும் திறன் குறைந்திருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், சாப்பிடுமுன் பணத்தின் படத்தைப் பார்த்தவர்கள் கையிலிருந்த சாக்லேட்டை மற்றவர்களைவிட வேகமாக, குறைந்த ரசனையோடு தின்று முடித்தார்கள். ‘அப்புறம்’ என்ற அந்த நாள் வசதியோடு வந்து சேரலாம். ரசிக்கும் நாக்கையும் அதுவே கொண்டுவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு சான்றையும் வைக்கிறேன். அதே 2010இல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், 2,250 பேரைக் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் தொடர்புகொண்டு, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதி நேரம், 46.9 சதவீதம், மனம் கையிலிருக்கும் காரியத்தில் இல்லை. அப்படி வேறெங்கோ அலையும் நேரங்களில் மனிதர்கள் குறைவாகவே மகிழ்ந்திருந்தார்கள். இப்போது உங்கள் பிள்ளையின் இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். சாப்பிடும்போது நாளைய டெஸ்ட், குளிக்கும்போது இயற்பியல் சூத்திரம், சைக்கிள் மிதிக்கும்போது கட்-ஆஃப் கணக்கு. இருக்குமிடத்தில் மனம் இல்லாமல் இருப்பதற்கு இதைவிடக் கச்சிதமான பயிற்சியை யாராலும் தர முடியாது. பிளஸ் டூ முடிந்ததும் அந்தப் பயிற்சி தானாகக் கழன்றுவிடுமா? அடுத்துக் கல்லூரிச் சேர்க்கை வரும், கேம்பஸ் இன்டர்வியூ வரும், பதவி உயர்வு, கல்யாணம், வீட்டுக் கடன் தவணை, பிறகு அவர்களுடைய பிள்ளைக்கு எல்கேஜி சீட். ‘அப்புறம்’ என்பது தொடுவானம் போல விலகிக்கொண்டே இருக்கும். இதை வேறெங்கும் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். உங்களிடமும் ஒரு காலத்தில் யாரோ இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்ன ‘அப்புறம்’ உங்களுக்கு வந்துவிட்டதா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை இன்னும் வருத்துவது, அன்றாடத்தை நின்று பார்க்கும் இந்தக் கவனிப்பைப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பதைத் தமிழ் பேசும் நாமே செய்கிறோம் என்பது. ஒரு நாளை ஆறாகப் பகுத்து வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று பெயரிட்டு, அவற்றுக்குச் ‘சிறுபொழுது’ என்ற பொதுப்பெயரும் சூட்டிய மொழி இது. முல்லை நிலத்துக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம் என்று எந்த உணர்வு எந்தப் பொழுதில் கனக்கும் என்பதைக் கவனித்து இலக்கணமாக்கி வைத்திருக்கிறார்கள். பூவுக்கு மட்டும் எத்தனை சொல்! தோன்றும்போது அரும்பு, விரியத் தொடங்கும்போது போது, விரிந்தபின் மலர், கீழே விழுந்தால் வீ, வாடினால் செம்மல். விழுந்த பூவுக்கும் வாடிய பூவுக்கும் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டுமென்றால், குனிந்து அதைப் பார்த்த மனிதர்கள் இருந்திருக்க வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் இவற்றையெல்லாம் படித்துத்தான் வந்திருக்கிறது. முல்லைக்குரிய சிறுபொழுது எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘மாலை’ என்று சொல்லும். ஆனால் மாலையில் முல்லை மொட்டவிழும் நேரத்தில் அது டியூப்லைட் வெளிச்சத்தில் டியூஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பூவின் ஐந்து நிலைகளையும் பிழையின்றி எழுதிய பிள்ளைக்குத் தெருமுனையில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியவில்லை என்றால், நாம் பாடத்தைக் கொடுத்துப் பொருளைப் பிடுங்கிக்கொண்டோம் என்றுதான் அர்த்தம்.

பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் காலம். இலை உதிர்த்து நின்ற புங்கமரம் ஒரு வாரத்துக்குள் கண்ணைக் கூசச் செய்யும் இளம்பச்சையில் தளிர்த்துவிடும். வேம்பு பூக்கத் தொடங்கும். அந்தி சாய்ந்தால் தெருவெல்லாம் அதன் மணம். குயில் விடியுமுன்பே ஆரம்பித்து, விட்டுவிட்டுச் சுருதி ஏற்றிக்கொண்டே போகும். சந்தையில் மாவடு வந்திருக்கும். ஊறுகாய் போடும் வீடுகளில் ஜாடி கழுவிக் காயும். இவை எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, மலைக்கோ கடலுக்கோ பயணம் போக வேண்டியதில்லை. பிள்ளை போகிற வழியில், படிக்கிற ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருக்கிறது. நாமோ, சத்தம் வரும், கவனம் சிதறும் என்று அந்த ஜன்னலைத்தான் முதலில் சாத்துகிறோம். பூவும் பறவையும் மட்டுமே சின்ன இன்பங்கள் என்றும் நான் சொல்லவில்லை. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும்போது எழும் ஓசை, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் இறக்கத்தில் மிதிக்காமலே போகும் அரை நிமிடம், மின்சாரம் போன இரவில் மொட்டை மாடியில் முதுகைத் தொடும் காற்று, வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரித்துவிடுவது. இவையெல்லாம் பிளஸ் டூ வீட்டிலும் நடக்கத்தான் செய்கின்றன. ஒரு கணம் நின்று, ‘இது நன்றாக இருக்கிறது’ என்று உணர்வதற்குத்தான் அந்த வீட்டில் அனுமதி இல்லை.

உங்களில் பலர் இதற்குள் கோபப்பட்டிருப்பீர்கள். ‘எங்களுக்குப் படிப்பு ஒன்றுதான் ஏணி. பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறோம். குயில் சத்தம் கேட்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு’ என்று சொல்வீர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பசித்தவனிடம் சோற்றுக்குப் பதிலாகப் பூவைக் காட்டுவது கொடுமை. இருப்பதை ரசித்துக்கொண்டு கிடைத்த கூலியில் திருப்தியாக இரு என்று உழைப்பவர்களுக்கு உபதேசிப்பது அதைவிடப் பெரிய கொடுமை. அதற்கு இந்த மடல் ஒருநாளும் துணை போகாது. ஏணியில் ஏறட்டும், உயரத்துக்குப் போகட்டும். நான் கேட்பது, ஏறும்போது கண்ணைக் கட்டிவிடாதீர்கள் என்பதுதான். இன்னொன்றையும் யோசியுங்கள். பணத்தால் வாங்கும் இன்பங்கள் எல்லாமே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடும். காசில்லாமல் கிடைப்பவை மட்டுமே எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக மிஞ்சுகின்றன. இல்லாத வீட்டுப் பிள்ளையிடமிருந்து அவற்றையும் எடுத்துவிட்டால், அதன் கையில் எதை விட்டுவைத்திருக்கிறோம்?

‘நேரம் வீணாகும், கவனம் சிதறும்’ என்பது அடுத்த மறுப்பு. கவனம் தேயக்கூடியது என்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. பம்ப்செட் கிணறு போல, இறைத்துக்கொண்டே இருந்தால் வற்றும். ஊற விட்டால்தான் மறுபடி தண்ணீர். இலினாய் மாநிலத்தின் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் 94 மாணவர்களை வைத்து லீ, சல்லிவன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை 2016இல் வெளியானது. சிலரை ஜன்னலே இல்லாத அறையிலும், சிலரைக் கட்டடங்களை நோக்கிய ஜன்னல் உள்ள அறையிலும், சிலரை மரம் செடி தெரியும் ஜன்னல் உள்ள அறையிலும் உட்காரவைத்து வகுப்பு வேலைகள் கொடுத்தார்கள். பிறகு பத்து நிமிட இடைவேளை. அந்த இடைவேளைக்குப் பின் நடந்த கவனச் சோதனையில் பசுமையைப் பார்த்திருந்தவர்கள் மற்ற இரு பிரிவினரையும் முந்தினார்கள். மனஅழுத்தத்திலிருந்தும் வேகமாக மீண்டார்கள். இதில் நீங்கள் மனதில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. வேலை நடந்துகொண்டிருந்தபோது ஜன்னலால் பெரிய வித்தியாசம் வரவில்லை, ஓய்ந்து பார்க்க நேரம் கொடுத்த பிறகே வந்தது. ஜன்னல் இருந்தால் போதாது, பார்க்க விடவும் வேண்டும். பதினைந்து மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதும் பதினைந்து மணி நேரம் படிப்பதும் ஒன்றல்ல என்பதை, ஒரே பக்கத்தை நான்காவது முறையாக வாசிக்கும் உங்கள் பிள்ளை உங்களைவிட நன்றாக அறியும்.

‘நேரம் கொடுத்தால் போனைத்தான் எடுக்கும்’ என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் அதற்கான காரணத்தில் நமக்கும் பங்கிருக்கிறது. விளையாட்டை நிறுத்தினோம், திருவிழாவை நிறுத்தினோம், பாட்டி வீட்டை நிறுத்தினோம், அரட்டையை நிறுத்தினோம். எல்லா வாசலையும் அடைத்த வீட்டில் கையகலத்துக்கு ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது என்றால் பிள்ளை அதன் வழியாகத்தான் தப்பிக்கும். போனில் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்து விழும் காட்சிகள் பிள்ளையிடம் எந்த உழைப்பையும் கேட்பதில்லை. சின்ன இன்பங்களோ, தேடிப் பார்ப்பவருக்கே தெரியும். அந்தத் தேடும் கண்ணைத் திருப்பிக் கொடுத்தால் கைப்பேசியின் பிடி கொஞ்சம் தளர வாய்ப்பிருக்கிறது. கண்டித்துப் பிடுங்குவதால் மட்டும் அது தளர்ந்ததாகத் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவும் அம்மாவும் தங்கள் போனைக் கவிழ்த்துவைத்தால், சொல்லாமலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

தேர்வு முடிவு வரும் நாளையும் நினைக்காமல் இந்த மடலை எழுத முடியவில்லை. மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியலை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. வீடுகளுக்குள் அந்தப் பட்டியல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆண்டு காலம் சாப்பாட்டில், தூக்கத்தில், நட்பில், பேச்சில் இன்பம் காண்பதைக் குற்றம் போல உணர்ந்து வளர்ந்த பிள்ளை, தன் வாழ்வின் மொத்த அர்த்தத்தையும் 600க்கு எத்தனை என்ற ஓர் எண்ணில் தொங்கவிட்டிருக்கும். ஒற்றைத் தூணில் நிற்கும் கூரை அது. அன்றாட இன்பங்கள் ஒவ்வொன்றும் ஒல்லியான தூண்தான், ஆனால் அவை பல. ஒன்று சாய்ந்தாலும் மற்றவை தாங்கும். அதற்காக, மனச்சோர்வில் மூழ்கிய பிள்ளையை வேப்பம்பூவைக் காட்டித் தேற்றிவிடலாம் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், பேச்சு அறுந்து பிள்ளை இருந்தால் அது நோயாக இருக்கலாம்; மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். 104 என்ற தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் இதற்காகவே இருக்கின்றன.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு சிறுபொழுதுக்குப் பத்து நாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். உங்கள் பிள்ளையின் 60 நாழிகையில் ஒன்றை அதனிடமே திருப்பிக் கொடுங்கள். விடுமுறையில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாமல், நாள்தோறும், தேர்வுக்கு முந்தின நாள் உட்பட, கொடுங்கள். அந்த நேரத்தில் மாடியில் நிற்கட்டும், வாசலில் உட்காரட்டும், தெருவில் ஒரு சுற்று நடந்துவரட்டும், அடுப்படியில் உங்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டு கதை பேசட்டும். முடிந்தால் நீங்களும் கூட இருங்கள். அந்த 24 நிமிடமும் மார்க்கைப் பற்றி ஒரு சொல்லும் எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதியவர்களை எட்டு வாரம், வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் மட்டும், வியப்பூட்டுபவற்றைத் தேடிப் பார்த்தபடி நடக்கச் சொன்ன ஓர் ஆய்வு 2020இல் வந்தது. அந்த வாரங்களில் அவர்கள் எடுத்த தற்படங்களில் புன்னகை பெரிதாகிக்கொண்டே போயிற்று, படத்தில் தங்கள் உருவத்துக்குக் கொடுத்த இடம் சிறிதாகிக்கொண்டே வந்தது. உலகத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குத் தம்மைப் பற்றிய பாரம் குறைகிறது. பதினேழு வயதில் தன் ரேங்க்கைத் தவிர வேறெதையும் பார்க்க விடாமல் வளர்க்கப்படும் பிள்ளைக்கு இதைவிடத் தேவையான மருந்து எது?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதையும் ஒரு பாடமாக்கிவிடாதீர்கள். ‘இன்னைக்கு என்ன ரசிச்சே, எழுதிக் காட்டு’ என்று நோட்டுப் போடாதீர்கள். நன்றி சொல்ல வேண்டியவற்றை எண்ணி எழுதச் சொன்ன ஆய்வொன்றில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டாயமும் சலிப்பும் சேர்ந்தால் இன்பம்கூட வீட்டுப்பாடமாகிவிடுகிறது. பிள்ளை ஒன்றும் பார்க்காமல் சும்மா இருந்தால் சும்மா இருக்கட்டும். தானே வந்து, ‘அம்மா, அந்த அணில் தேங்காய் நார் எடுத்துட்டுப் போகுது பாரேன்’ என்று சொல்லும் நாள் வரும். அந்த நாளில் ‘அணிலைப் பார்த்தா பாஸாயிடுவியா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். நான் கேட்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

மறுபடியும் பங்குனி வரும், வேம்பு பூக்கும், குயில் கூவும். ஆனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையாக உங்கள் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருக்கப்போவது இந்த ஒரு பங்குனிதான். அடுத்த ஆண்டு ஹாஸ்டலில் இருக்கலாம், வேறு ஊரில் இருக்கலாம். மதிப்பெண் பட்டியலை நகலெடுத்து வாங்கிக்கொள்ளலாம், துணைத்தேர்வு எழுதலாம், விட்ட படிப்பைப் பிறகும் பிடிக்கலாம். உங்கள் பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயது மாலைக்கு நகல் கிடையாது. ஆகவே ‘அப்புறம்’ என்ற சொல்லை இன்று ஒருநாள் எடுத்துவைத்துவிட்டு, சாத்திய ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஒரு நாழிகைதான் கேட்கிறேன். மீதி 59 நாழிகையும் உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் நன்றாக எழுதவும், நன்றாக இருக்கவும் மனதார வாழ்த்தும்,
உங்களில் ஒருவர்